இங்கிலாந்து வண்டி என்று சொல்வதற்கு முன்



பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஓட்டி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூடிப் பேசும் நம் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால் முதலில் எழும் கேள்வி, “இங்கிலாந்தா, இந்தியாவா?” என்பதுதான். இங்கிலாந்து என்றால் விலை ஏறிவிடும். இந்தியா என்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தப் பலவீனம் விற்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. புதிதாக அடித்த பித்தளை முன்தகடு கிடைக்கிறது, ‘மேட் இன் இங்கிலாந்து’ ஸ்டிக்கர் தாள் தாளாகக் கிடைக்கிறது, அதைப் பழசாகக் காட்டத் தேநீர்ச் சாயம் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர்கள் நாம் இருக்கும்வரை கொடுப்பவர்களும் இருப்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் பரண்மேல் போட்டு வைப்போம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஒரு வண்டிக்கு ஊர் ஒன்று மட்டும் இருப்பது அபூர்வம். பாகங்கள் எங்கே உருவாயின, எங்கே கோக்கப்பட்டன, எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தன என்று தனித்தனியாகக் கேட்டால் பதில்கள் பெரும்பாலும் வேறு வேறு ஊர்களாகவே வரும். அப்படித் தேடினால் நாம் ஏளனமாகப் பார்க்கும் பல வண்டிகள் நாம் கொண்டாடும் வண்டிகளைவிடச் சுவாரசியமானவை என்று தெரியும்.

பி.எஸ்.ஏ.விலிருந்து தொடங்குகிறேன். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து அடுக்கிய அந்தச் சின்னத்தைப் பார்த்தாலே நம்மில் பாதிப் பேருக்குக் கை நடுங்கும். 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யப் பிறந்த கம்பெனி அது. துப்பாக்கிக்கு ஆர்டர் வறண்ட காலத்தில், 1880 வாக்கில், சைக்கிள் வேலைக்கு வந்தது. நடுவில் சில ஆண்டுகள் விட்டுவிட்டு, 1890களில் ஹப்பும் பிற பாகங்களும் செய்யும் கம்பெனியாகத் திரும்பி வந்தது. முழு வண்டி விற்றதைப் போலவே பாகங்கள் விற்றும் பேர் வாங்கியது. பி.பி. ஷெல் (கிராங்க் அச்சு சுழலும் கூடு), குழாய்களை இணைக்கும் லக், கிராங்க், ஹப் எல்லாம் ஒரு செட்டாக வாங்கி, குழாயை வெட்டிப் பித்தளை ஊதி ஒட்டி, தன் கடைப் பெயரில் வண்டி விற்றவர்கள் இங்கிலாந்தின் சின்ன ஊர்களிலும் கடல் கடந்த ஊர்களிலும் ஏராளம். ஆகவே பி.பி. ஷெல்லில் துப்பாக்கி முத்திரை இருக்கிறது என்பதை வைத்து அது பி.எஸ்.ஏ. ஆலையிலிருந்து வந்த வண்டி என்று முடிவு கட்ட முடியாது. அந்த ஷெல் பர்மிங்காமில் பிறந்தது என்பதற்குமேல் அந்த முத்திரை எதையும் சொல்வதில்லை.

ஹெர்குலிஸ் கதையும் இப்படித்தான். 1910இல் எட்மண்ட் கிரேன், ஹாரி கிரேன் என்ற சகோதரர்கள் பர்மிங்காமில் தொடங்கியபோது மற்றவர்கள் செய்த பாகங்களை வாங்கிக் கோத்துத்தான் விற்றார்கள். பிறகு உலகின் பெரிய சைக்கிள் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது வேறு விஷயம். இந்திய ஹெர்குலிஸைப் பற்றி “அம்பத்தூரில் வெறுமனே கோத்தார்கள்” என்று அலட்சியமாகச் சொல்லும் நண்பர்களுக்கு இதை நினைவூட்டத் தோன்றுகிறது. பர்மிங்காமும் அப்படித்தான் தொடங்கியது.

முன்தகட்டில் உள்ள பெயர் எந்த அளவுக்கு நம்மை ஏமாற்றும் என்பதற்கு நாட்டிங்ஹாமைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1880களின் இறுதியில் ஃபிராங்க் பௌடன் என்பவர் அந்த ஊரின் ரலே தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறையை வாங்கினார். தெருவின் பெயரே கம்பெனிக்கும் ஆனது. அடுத்த எழுபது ஆண்டுகளில் அந்தக் கம்பெனி ஒன்றன்பின் ஒன்றாக மற்ற பெயர்களை வாங்கிப் போட்டுக்கொண்டது. ஹம்பர் 1932இல் வந்தது. ஹம்பர் அந்த வட்டாரத்துப் பிள்ளைதான். நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில் ஆலை வைத்திருந்தது, கவென்ட்ரிக்குப் போனது, கடைசியில் சைக்கிள் பெயர் மட்டும் சொந்த ஊருக்குத் திரும்பியது. கவென்ட்ரியில் புகழ் பெற்ற ரட்ஜ் 1943இல் வந்தது. 1957இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவும் ரலேயிடம் போய்ச் சேர்ந்தது. சன்பீமின் கதை இன்னும் நீளம்: வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டன் செய்த வண்டி, 1937இல் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்கும், 1943இல் பி.எஸ்.ஏ.வின் கைக்கும் மாறி, 1957இல் ரலேயிடம் போய் நின்றது. பெயர் ஒன்று, ஊர் நான்கு.

அதனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து நம் ஊர்களுக்கு வந்த ரலே, ஹம்பர், ரட்ஜ் மூன்றும் ஒரே ஆலையின் வாசல் வழியாக வந்தவை. செயின் வீலில் நாரைத் தலை வெட்டியிருந்தால் ரலே, கை வெட்டியிருந்தால் ரட்ஜ். முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய் இருந்தால் ஹம்பர். அடியில் இருக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் தாத்தா ஹம்பர்தான் ஏறுவார், ரலேயைத் தொடமாட்டார் என்று பெருமை பேசும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அந்த ஆலைக்குள் வேலை எப்படி நடந்தது என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சிறுவயதில் ரலேயில் வேலை பார்த்த ஆலன் சிலிட்டோ 1958இல் எழுதிய முதல் நாவலின் நாயகன் ஒரு சைக்கிள் ஆலையில் லேத் ஓட்டுபவன். 1960இல் அது படமானபோது ரலே ஆலைக்குள்ளேயே படம் பிடித்தார்கள். தொடக்கக் காட்சியில் ஆல்பர்ட் ஃபின்னி பீஸ் ரேட்டை எண்ணிக்கொண்டே லேத்தில் பாகம் கடைகிறார். நம் வண்டியில் இருக்கும் ஏதோ ஒரு கோன் அப்படியொரு சலிப்பில் கடையப்பட்டதாக இருக்கலாம்.

காரைக்குடிப் பக்கத்து வீடொன்றிலிருந்து வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் கூட்டத்தில் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். முன்தகடு ரலே, செயின் வீலில் ரட்ஜின் கை, ஃபோர்க் ஹம்பருடையது. “மூணு வண்டியை உடைச்சு ஒண்ணு பண்ணியிருக்கான்” என்று சிரித்துவிட்டுப் போனோம். அன்று சாயங்காலம் மண்ணெண்ணெய் நனைத்த துணியும் தேய்ந்த பல் பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீட் குழாயின் உச்சியில், சீட் லக்கின் பின்புறத்தில், நாலு தலைமுறை கிரீஸுக்கும் இரண்டு பூச்சு பச்சைப் பெயின்ட்டுக்கும் அடியில் எண் இருந்தது. பின் ஹப்பைத் துடைத்தபோது ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும் ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும் அதை அடுத்து 52, 7 என்ற எண்களும் தெரிந்தன. 1952 ஜூலையில் நாட்டிங்ஹாமில் செய்த மூன்று கியர் ஹப். பி.பி. கப்பைக் கழற்றிப் புரி அளந்தால் அங்குலத்துக்கு 26.

அந்த 26 முக்கியம். மற்ற இங்கிலாந்துக் கம்பெனிகள் பெரும்பாலும் பி.பி. கப்புக்கு அங்குலத்துக்கு 24 புரி போட்டன. ரலே மட்டும் தன் வழியில் 26 போட்டது. ஓவராயிலிங் செய்யும் மெக்கானிக்குகளுக்கு இது அனுபவத்தில் தெரியும்: கடையில் வாங்கிய புதுக் கப் பழைய ரலேயில் ஒன்றிரண்டு சுற்று ஏறியதும் இறுகி நின்றுவிடும். பலவந்தமாகத் திருகினால் ஷெல் போச்சு. முன்தகட்டைக் கழற்றி மாட்டலாம், ஷெல்லின் புரியை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆக அந்தக் காரைக்குடி வண்டியின் பிரேம் நாட்டிங்ஹாம் ஆலையுடையது. செயின் வீலும் ஃபோர்க்கும் அதே ஆலையிலிருந்து வேறு பெயரில் வெளிவந்தவை. யார் எப்போது மாட்டினார்கள்? ஏதோ ஒரு வாடகை சைக்கிள் கடைக்காரராக இருக்கலாம். மணிக்கணக்கில் வண்டி விட்ட கடைகளில் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருந்தன. ஓடவேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். பின் மட்கார்டில் அரைகுறையாகத் தெரிந்த மஞ்சள் எண் அதைத்தான் காட்டுகிறது. இதை ‘கலப்படம்’ என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டி உழைத்த வரலாறு அதில் அப்படியே இருக்கிறது.

ஹப்பில் உள்ள ஆண்டு ஹப்பின் ஆண்டு மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சக்கரம் மாறியிருந்தால் அந்தக் கணக்கு பிரேமுக்குப் பொருந்தாது. பிரேம் எண், ஹப், பூச்சு மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் நம்பலாம். பூச்சு என்று சொன்னேன்: 1930க்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும், லேசான மஞ்சள் சாயலோடு. பளீரென்ற நீல வெளுப்பு குரோமியம் பிறகுதான் பரவியது. 1912 ரலே என்று காட்டப்படும் வண்டியின் ஹேண்டில்பார் கண்ணாடி மாதிரி மின்னினால் யாரோ பிளேட்டிங் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதேபோல 1942, 1943 என்று ஆண்டு சொல்லி, குரோமியம் ஜொலிக்க நிற்கும் வண்டியைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த ஆண்டுகளில் ரலே ஆலை குண்டுகளுக்கான ஃபியூஸ் செய்துகொண்டிருந்தது.

எதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். பின் மட்கார்டின் வால் வெள்ளையாக இருந்தால் இங்கிலாந்து என்று நம்மில் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். 1930களின் நடுவில் பிரிட்டனில் வந்த சாலைச் சட்டம் இரவில் தெரிவதற்காக அந்த வெள்ளையைக் கட்டாயமாக்கியது. இங்கே செய்த வண்டிகளும் அந்த அழகை அப்படியே பின்பற்றின. முன்னால் 32 ஸ்போக், பின்னால் 40 என்ற கணக்கும் பிரிட்டிஷ் வழக்கம்தான். இந்தியாவின் சைக்கிள் ஊர்களான லூதியானாவும் சோனிபட்டும் அதையே கடைப்பிடித்தன. ராட் பிரேக், 28 அங்குலச் சக்கரம் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி அதிகம் பேசவேண்டிய இடத்துக்கு வருகிறேன். கப்பலில் வந்த வண்டி எப்போது இங்கேயே பிறக்கத் தொடங்கியது?

போருக்கு முன்பே பம்பாயில் ஹிந்த் சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் தொடங்கிவிட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் செலாவணியைக் காக்கவும் உள்ளூர்த் தொழிலை வளர்க்கவும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழு வண்டியாகக் கொண்டுவந்தால் வரியும் உரிமமும் இடிக்கும் நிலையில், இந்தியச் சந்தையை விட மனமில்லாத பிரிட்டிஷ் கம்பெனிகள் இங்கேயே ஆலை போட முன்வந்தன. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1930களில் அயர்லாந்து வரிச்சுவர் எழுப்பியபோது ரலே டப்ளினில் வண்டி கோக்கத் தொடங்கியது. பிறகு தென்னாப்பிரிக்காவிலும் நைஜீரியாவிலும் அதே கணக்குத்தான்.

இங்கே அது இரண்டு ஊர்களில் நடந்தது. கல்கத்தாவின் சென் குடும்பத்தோடு சேர்ந்து ரலே வங்காளத்தின் ஆசன்சோலில் ஆலை போட்டது. அதுதான் சென்-ரலே, 1950களின் தொடக்கத்திலிருந்து ரலேயும் ஹம்பரும் அங்கிருந்து வந்தன. 1980இல் அரசுடைமையாகி, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்று பெயர் மாறி, பின்னர் மூடப்பட்டது. இன்னொன்று நம் வாசலில்: 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில். டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் ஹெர்குலிஸை வாங்கியிருந்தது. பிலிப்ஸ் அதற்கு நெடுங்காலம் முன்பே அதன் கையில். அதனால் அம்பத்தூரின் முதல் பெயர் ஹெர்குலிஸ் ஆனதில் வியப்பில்லை. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் அன்றைய தலைவர் பெயர் சர் ஐவன் ஸ்டெட்போர்டு. அம்பத்தூர்க்காரர்கள் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஸ்டெட்போர்டு ஆஸ்பத்திரி அவர் பெயரில்தான் நிற்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் பிறந்து வளர்ந்த நண்பர்களே, நீங்கள் தேடும் பர்மிங்காம் உங்கள் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது.

1960இல் இன்னொரு திருப்பம். ரலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு இணைந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு பி.எஸ்.ஏ. ரலேக்குள் போயிருந்தது என்று மேலே சொன்னேன். இந்தச் சங்கிலியைத் தொடர்ந்தால், பி.எஸ்.ஏ. என்ற பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் நாட்டிங்ஹாம் வழியாகச் சுற்றி அம்பத்தூர் வந்து, நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன எஸ்.எல்.ஆர். வண்டியின்மேல் எப்படி ஏறியது என்பது புரியும். இங்கிலாந்தில் அந்தப் பெயர் மங்கிய பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது.

என் ஆர்வமெல்லாம் கப்பலில் வந்தவற்றுக்கும் முழுக்க இங்கேயே செய்தவற்றுக்கும் நடுவில் விழுந்த வண்டிகள்மேல்தான். எந்த ஆலையும் முதல் நாளிலேயே எல்லாப் பாகத்தையும் செய்துவிடுவதில்லை. முதலில் பெட்டியில் வரும் பாகங்களைக் கோக்கும். பிறகு பிரேம், பிறகு ரிம், மட்கார்டு. துல்லியம் கேட்கும் ஹப்பும் ஃப்ரீவீலும் செயினும் கடைசியில்தான். ஆவடியில் குழாய் ஆலை 1955இல் வந்தது, டி.ஐ. டைமண்ட் செயின் 1960இல். ஆகவே 1950களின் ஹெர்குலிஸ் ஒன்றில் இங்கே ஒட்டிய பிரேமும் அங்கிருந்து வந்த ஹப்பும் சேர்ந்தே இருந்தால் அதில் திருட்டு ஒன்றும் இல்லை. அது ஆலையிலிருந்து அப்படியே வந்திருக்கலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ‘இங்கிலாந்து’ ஹப்பைக் கழற்றி வேறொரு வண்டிக்கு மாட்டிவிட்டு, மீதியைக் காயலான் கடையில் போடுகிறோம். ஒரு நாடு எந்த வரிசையில் எந்தப் பாகத்தைச் செய்யக் கற்றுக்கொண்டது என்பதற்கான சாட்சி அதோடு போகிறது. இங்கிலாந்து ரலே வண்டிகள் இன்னும் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் பத்திரமாக இருக்கின்றன. இந்த அரைகுறை அம்பத்தூர், ஆசன்சோல் வண்டிகளைக் காப்பாற்ற நம்மைத் தவிர யாரும் வரப்போவதில்லை.

வந்து சேர்ந்த வழியைக் காட்டும் தடயங்களும் நம் கண்முன்தான் கிடக்கின்றன. பழைய நகராட்சி வில்லைகள் நினைவிருக்கும். பித்தளையிலோ அலுமினியத்திலோ அடித்து, ஊர்ப் பெயரும் ஆண்டும் பொறித்து, சைக்கிள் வரி கட்டியதற்கு அடையாளமாகத் தருவார்கள். இல்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம். ஒரு வில்லை, இந்த ஆண்டில் இந்த வண்டி இந்த ஊரில் இருந்தது என்று அரசு முத்திரையோடு சொல்லும் சாட்சி. அதைக் கழற்றி நாணய வியாபாரியிடம் தனியாக விற்பது, வீட்டை விற்கும்போது பத்திரத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதைப் போன்றது. சீட் குழாயிலோ மட்கார்டிலோ ஒட்டியிருக்கும் விற்பனைக் கடையின் சிறு தகடும் அப்படித்தான். கொழும்பு, பினாங்கு என்று அதில் ஊர் இருந்தால், வண்டி ஒருமுறை கப்பலேறி இறங்கி, உரிமையாளரோடு மறுபடி கப்பலேறியிருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இதில் நம்மைவிடக் கண் கூர்மை. அங்கே பழைய ரலேயும் ஹம்பரும் வீட்டின் ஓர் அங்கமாகவே வாழ்ந்தவை. உள்நாட்டுப் போரின் எரிபொருள் தடைக் காலத்தில் சைக்கிளே எல்லாமாக இருந்தது. பேட்டரி கிடைக்காதபோது டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என்ன கேட்கிறேன் என்றால், முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள். காஸ்டிக் தொட்டியில் பிரேமை முக்கி எடுத்துப் புதுக் கறுப்பு அடிப்பதற்குள் எண்ணையும் தகட்டையும் மிஞ்சியிருக்கும் அலங்காரக் கோடுகளையும் படம் எடுத்துவிடுங்கள். பழைய ஆணி, நட்டு எதையும் வீசாதீர்கள். வாங்கும்போது வண்டி யாருடையது, எங்கே வேலை பார்த்தார், எங்கே வாங்கினார் என்று வீட்டில் ஒரு பெரியவரிடமாவது கேளுங்கள். தரகர்கள் அதைக் கேட்க விடமாட்டார்கள். வாங்கிய இடம் தெரிந்தால் அவர்கள் பிழைப்பு போய்விடும் என்று பயம். அதையும் மீறித்தான் கேட்கவேண்டும்.

அடுத்து, ஒரு பொதுக் கணக்குப் புத்தகம் தொடங்குவோம். பிரேம் எண், அது இருக்கும் இடம், ஹப் முத்திரை, பி.பி. புரி, வில்லையின் ஊரும் ஆண்டும், பில் இருந்தால் அதன் தேதி. பிரிட்டனில் வெட்டரன் சைக்கிள் கிளப் 1955இலிருந்து பழைய வண்டிகளுக்காக இயங்குகிறது. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் அதையே கரைத்துக் குடித்த ஒருவர் இருப்பார், வண்டிக்கு வயது சொல்ல. அம்பத்தூருக்கும் ஆசன்சோலுக்கும் அப்படியொரு ஆள் நம்மில் உருவாகவேண்டும். ஒற்றை எண் எதையும் சொல்லாது. நூறு எண்களைத் தேதி தெரிந்த வில்லைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக எழுதினால், எந்த எண் எந்த ஆண்டுக்கு என்று தானே பிடிபடும்.

மூன்றாவது வேலை சென்னை நண்பர்களுக்கு. 1960களில் அம்பத்தூர் ஆலையில் பித்தளை ஊதியவர்கள், சக்கரம் கோத்துக் கோட்டம் எடுத்தவர்கள், பெட்டி பிரித்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் ஆவடியிலும் திருமுல்லைவாயிலிலும் ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள். எந்தப் பெட்டியில் எந்தப் பாகம் வந்தது, எந்த ஆண்டோடு ஹப் வருவது நின்றது, எண்ணை எந்தப் பிரிவில் யார் அடித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தை வழக்கம்போலக் கடற்கரையில் வைக்காமல் அம்பத்தூரில் வைப்போம். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அவர்களை வரவழைத்து, காபி கொடுத்துவிட்டு, நாம் வாயை மூடிக்கொண்டு உட்காருவோம். செல்போனில் பதிவு செய்வதையும் கணக்குப் புத்தகத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பச்சைப் பெயின்ட் அடித்த அந்தக் காரைக்குடி வண்டியையும் கொண்டுவருகிறேன். அரைகுறை ஹெர்குலிஸ் வைத்திருப்பவர்கள் வெட்கப்படாமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் ஒருவன்